பிக்கப் வண்டியில் ஹாம் ரேடியோ ஆன்டெனா: தேர்வு, பொருத்துதல், அளவீடு

ஓடும் வண்டியிலிருந்து ஹாம் ரேடியோவில் (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காகப் பேசும் வானொலித் தொடர்பில்) பேசும்போது எதிர்முனையில் குரல் சரியாகக் கேட்கவில்லை என்றால், பலர் முதலில் சந்தேகப்படுவது ரேடியோவைத்தான். ஆனால் இன்றைய மொபைல் ரேடியோக்கள் ஏறக்குறைய எல்லாமே நம்பகமானவை. குறை பெரும்பாலும் ஆன்டெனாவில் இருக்கும், அதிலும் அது பொருத்தப்பட்ட இடத்தில் இருக்கும். வண்டியின் மேல் நிமிர்ந்து நிற்கும் கம்பியை மட்டுமே நாம் ஆன்டெனா என்று சொல்கிறோம். உண்மையில் அந்தக் கம்பியும் அதன் அடியில் விரிந்திருக்கும் உலோகத் தகடும் சேர்ந்தால்தான் ஆன்டெனா முழுமை பெறுகிறது. கம்பியில் ஏறும் மின்னோட்டத்துக்கு ஈடான மின்னோட்டம் தகட்டில் ஓடியாக வேண்டும். ஓடுவதற்குத் தகடு இல்லாவிட்டால், அது கேபிளின் வெளிப்பின்னலில் ஓடி, ரேடியோவின் உடல்வரை வந்து தொல்லை கொடுக்கும். எனவே இந்த வழிகாட்டி எந்த நிறுவனத்தின் ஆன்டெனா சிறந்தது என்று ஒப்பிடுவதில் நேரம் செலவிடாமல், பொருத்தும் இடத்துக்கும் உலோக இணைப்புகளுக்கும் அதிக இடம் தருகிறது.

இங்கே எடுத்துக்கொள்ளும் வண்டி, அமெரிக்கச் சாலைகளில் எங்கும் காணும் நான்கு கதவு பிக்கப். அமெரிக்க உரிமம் பெற்றுத் தினமும் நெடுந்தூரம் ஓட்டும் தமிழ் ஹாம்கள் (ஹாம் ரேடியோ பயன்படுத்துவோர்) கையாளும் வண்டியும் இதுவாக இருக்கலாம். அடிப்படை விதிகள் எந்த நாட்டு வண்டிக்கும் பொருந்தும். அதிர்வெண் வரம்புகளும் உரிம நிபந்தனைகளும் மட்டும் நாட்டுக்கு நாடு மாறும்.

எந்த பேண்டில் பேசப் போகிறீர்கள்?

பேண்ட் என்பது பேச ஒதுக்கப்பட்ட அதிர்வெண் வரம்பு. ஆன்டெனா வாங்குவதற்கு முன் இதை முடிவு செய்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் தொடக்கநிலையான டெக்னீஷியன் உரிமம் உள்ளவருக்கு 2 மீட்டர் பேண்டும் (144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ்) 70 சென்டிமீட்டர் பேண்டும் (420 முதல் 450 மெகாஹெர்ட்ஸ்) முழுமையாகக் கிடைக்கின்றன. 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழான எச்.எஃப். பேண்டுகளில் அவருக்குக் குரலில் பேசக் கிடைப்பது 10 மீட்டர் பேண்டில் 28.3 முதல் 28.5 வரையிலான சிறு பகுதி மட்டுமே. அதற்கு அடுத்த நிலையான ஜெனரல் உரிமம் பெற்ற பின்புதான் 20, 40 மீட்டர் பேண்டுகளில் குரல் தொடர்புக்கு வழி திறக்கிறது. ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் ரிப்பீட்டர் (குரலை வாங்கி வலுவாக மறுபடி அனுப்பும் நிலையம்) வழியாகப் பேசுவதும், பயணத்தில் 146.52 மெகாஹெர்ட்ஸில் நேரடியாக அழைப்பதும் போதும் என்றால், 2 மீட்டர், 70 சென்டிமீட்டர் இரண்டிலும் இயங்கும் ஓர் இரட்டை பேண்ட் ஆன்டெனாவே போதும். மாநிலம் விட்டு மாநிலம், நாடு விட்டு நாடு பேச வேண்டும் என்றால் எச்.எஃப். தேவை. அந்த வேலை முற்றிலும் வேறு தரத்தது என்பதால் அதைத் தனியாகப் பின்னால் பார்ப்போம். இரண்டும் வேண்டும் என்றால் இரண்டு ஆன்டெனாக்களாகவே வைத்துக்கொள்ளுங்கள். எல்லா பேண்டுக்கும் ஒரே ஆன்டெனா என்று விற்கப்படுபவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. ஏதாவது ஒரு பேண்டில் அவை கட்டாயம் விட்டுக்கொடுக்கின்றன.

வி.எச்.எஃப். (2 மீட்டர்), யு.எச்.எஃப். (70 சென்டிமீட்டர்) கம்பியின் நீளம்

146 மெகாஹெர்ட்ஸில் கால் அலை நீளக் கம்பி ஏறக்குறைய 49 சென்டிமீட்டர். 234 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் நீளம் அடிக்கணக்கில் கிடைக்கும். 146-க்கு அது 1.6 அடி. இந்தியாவில் 2 மீட்டர் பேண்ட் 144 முதல் 146 வரை மட்டுமே என்பதால், அங்கே 145-ஐ மையமாக வைத்துச் சற்றே நீளமாக வெட்ட வேண்டும். கால் அலைக் கம்பி மலிவானது, காற்றில் அதிகம் ஆடாதது, மரக்கிளை பட்டாலும் வளைந்து நிமிர்ந்துவிடும். அதே கம்பி 70 சென்டிமீட்டர் பேண்டில் முக்கால் அலையாக வேலை செய்வதால், எளிய இரட்டை பேண்ட் ஆன்டெனாவாகவும் பயன்படுகிறது. அந்த பேண்டில் அதன் வீச்சின் ஒரு பகுதி மேல்நோக்கிப் போய்விடும் என்பது மட்டுமே குறை.

எட்டில் ஐந்து அலைக் கம்பி (அதாவது அலை நீளத்தில் எட்டில் ஐந்து பங்கு) 2 மீட்டரில் ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரம் இருக்கும். ஏட்டுக் கணக்கில் அது கால் அலையைவிட 3 டெசிபல் வரை (ஆற்றலில் ஏறக்குறைய இரு மடங்கு) கூடுதலாகத் தர வேண்டும். ஆனால் அந்தக் கணக்கு எல்லையற்ற தகட்டுக்கானது, வண்டியின் கூரைக்கானது அல்ல. கூரையில் அந்த ஆதாயத்தில் ஒரு பகுதியே கிடைக்கும். நீண்ட கம்பி வீச்சைத் தொடுவானத்தை நோக்கித் தாழ்த்துவதால், டெக்சாஸ் போன்ற சமவெளியில் தொலைவில் உள்ள ரிப்பீட்டரை எட்ட அது உதவும். கொலராடோ போன்ற மலைப்பகுதியில் ரிப்பீட்டர் உங்கள் தலைக்கு மேலே சிகரத்தில் இருக்கும். அங்கே வீச்சைச் சற்று மேலேயும் பரப்பும் கால் அலைக் கம்பியே பல இடங்களில் நன்றாக எடுக்கும். ஆதாய எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

அரை அலை ஆன்டெனாவுக்கு அடித்தகட்டின் துணை அவ்வளவாகத் தேவையில்லை. கண்ணாடியிழை உடல் கொண்ட வண்டிக்கும், தகட்டின் ஓரத்தில் மட்டுமே இடம் கிடைக்கும் வண்டிக்கும் அது ஏற்றது. பெரிய சரக்கு லாரிகளில் கேபினின் மேற்பகுதியும் காற்றுத் தடுப்பும் கண்ணாடியிழையால் ஆனவையாக இருப்பது வழக்கம். ஆகவே அவற்றின் ஓட்டுநர்கள் பக்கக் கண்ணாடியைத் தாங்கும் உலோகச் சட்டத்தில் பட்டை போட்டு ஆன்டெனாவைப் பொருத்துகிறார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு அரை அலை ஆன்டெனாவைத் தேர்ந்தெடுப்பதே சரி.

உயரத்தையும் இப்போதே யோசித்துவிடுங்கள். முழு அளவு பிக்கப்பின் கூரையே தரையிலிருந்து 2 மீட்டரை நெருங்குகிறது. பல வாகன நிறுத்தக் கட்டடங்களின் உயர வரம்பு 2 மீட்டரை ஒட்டியே இருப்பதால், கூரையில் நிற்கும் எந்தக் கம்பியும் அங்கே உரசும். கால் அலைக் கம்பி உரசினாலும் கெடாது. அடியில் சுருளும் நடுவில் ஒரு சுருளும் கொண்ட 1 மீட்டர் ஆன்டெனாவோ உடைந்துவிடும். அப்படிப்பட்டதை வாங்கினால் மடக்கும் கீல் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

பொருத்தும் இடம்

கேபின் கூரையின் நடுவிடமே மிகச் சிறந்தது. எல்லாத் திசைகளிலும் தகடு ஏறக்குறைய சமமாக விரிந்திருப்பதால் அலைவீச்சும் எல்லாத் திசைகளிலும் ஏறக்குறைய சமமாகப் பரவுகிறது. கம்பியை மறைக்க எதுவும் இல்லை. உள்ளே இருப்பவர்களுக்கும் ஆன்டெனாவுக்கும் இடையில் உலோகக் கூரை தடுப்பாக நிற்கிறது. இடத்தை ஓரத்துக்கு மாற்றினால், தகடு அதிகமாக விரிந்திருக்கும் திசையில் வீச்சு கூடி, மறுதிசையில் குறையும். இடதுபுற முன் மட்கார்டில் வைத்த ஆன்டெனா வண்டியின் வலதுபின் மூலையை நோக்கி நன்றாகப் பேசுவது இந்தக் காரணத்தால்தான்.

காந்த அடித்தளம் கொண்ட ஆன்டெனாவோடு தொடங்குவதில் தவறில்லை. அது உலோகத் தொடர்பு இல்லாமல், பெயின்ட் படலத்தின் ஊடாகவே கூரைத் தகட்டோடு மின்தேக்கி போல இணைகிறது. 2 மீட்டரில் அந்த இணைப்பு போதுமானது. ஆனால் அது ஒட்டுவதற்கு இரும்பு வேண்டும். ஃபோர்டு எஃப்-150 வண்டியின் உடல் 2015 மாடலிலிருந்தும், அதே நிறுவனத்தின் சூப்பர் டியூட்டி வரிசையின் உடல் 2017 மாடலிலிருந்தும் அலுமினியத்தால் ஆனவை. அவற்றின் கூரையில் காந்தம் ஒட்டாது. வேறு சில வண்டிகளில் கூரை இரும்பாக இருக்க, பானட் மட்டும் அலுமினியமாக இருக்கும். சமையலறைக் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கும் சிறு காந்தத்தை எடுத்துப் போய்ப் பொருத்த நினைக்கும் இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு வாங்குங்கள். ஒட்டினாலும், காந்தத்தின் அடியில் மணல் சிக்கினால் பெயின்ட் சுரண்டும்; அவ்வப்போது எடுத்துத் துடைத்து வைக்க வேண்டும்.

நிரந்தரமாகப் பொருத்துவதற்கு மோட்டரோலா வடிவமைத்த என்.எம்.ஓ. அடித்தளமே இன்று பரவலான தரம். ஒரே அடித்தளத்தில் வெவ்வேறு நிறுவனங்களின் ஆன்டெனாக்களை மாற்றி மாற்றித் திருகலாம். ஆன்டெனாவைக் கழற்றினால் மழைமூடியைத் திருகிவிடலாம். கூரையில் துளையிடவே மாட்டேன் என்பவர்களுக்கு, பானட்டும் மட்கார்டும் சந்திக்கும் இடுக்கில் பொருந்தும் எஃகுப் பட்டை கிடைக்கிறது. அதை மட்கார்டை வண்டியோடு இணைக்கும் போல்டிலேயே முடுக்கலாம். பிக்கப் வண்டிகளில் இது மிகவும் புழக்கத்தில் உள்ள முறை, கேபிளும் எளிதாக உள்ளே வரும். அலைவீச்சு சற்றுச் சாயும் என்பதை ஏற்றுக்கொண்டால் இது நல்ல இரண்டாம் தேர்வு. சரக்குப் பெட்டியின் குறுக்கே வைத்திருக்கும் உலோகக் கருவிப்பெட்டியின் மீது பொருத்துவதும் நடக்கிறது. ஆனால் அங்கே கேபின் ஒரு பக்கம் மறைக்கும், கருவிப்பெட்டி சேஸியோடு மின்னிணைப்பில் இருக்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். பனோரமா கண்ணாடிக் கூரை கொண்ட வண்டி என்றால் கூரை நடுவில் தகடே இருக்காது, மட்கார்டுதான் வழி.

கூரையில் துளையிடுதல்

கேட்பதற்கு அச்சமாக இருந்தாலும், நிதானமாகச் செய்தால் ஒரு மாலைக்குள் முடியும் வேலை இது. குத்தகைக்கு எடுத்த வண்டியில் மட்டும் செய்யாதீர்கள்.

முதலில் உள்ளிருந்து பாருங்கள். கூரைத் தகட்டின் அடியில் குறுக்குச் சட்டங்கள் ஓடும். விளக்குக்கான வயர்கள் இருக்கும். பக்க ஓரங்களில் திரை ஏர்பேக்குகள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். நடுவிலுள்ள கூரை விளக்கைக் கழற்றி, அந்தத் திறப்பு வழியாகக் கையை நுழைத்து, குறுக்குச் சட்டம் எங்கே போகிறது என்று தடவிப் பாருங்கள். விளக்கின் திறப்புக்குச் சற்று பின்னால், சட்டம் இல்லாத இடமாகத் தேர்ந்தெடுத்தால், உட்கூரையை முழுவதும் இறக்காமலே கேபிளை இழுக்க முடியும். வெளியே அதே இடத்தை இருபுற ஓரங்களிலிருந்தும் அளந்து நடுவைக் குறியுங்கள்.

குறியிட்ட இடத்தில் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டி, மையத்தைக் குத்தூசியால் லேசாகத் தட்டிக் குழியாக்குங்கள். சாதாரண என்.எம்.ஓ. அடித்தளத்துக்கு முக்கால் அங்குலத் துளை, அதாவது 19 மில்லிமீட்டர் வேண்டும். இதற்கென்றே விற்கும் துளை ரம்பத்தில் ஆழம் தடுக்கும் வளையம் இருக்கும். தகட்டை அறுத்த மறுகணமே அந்த வளையம் கூரையில் முட்டி நின்றுவிடும், உட்கூரைத் துணியைக் கிழிக்காது. அதன் விலையை மிச்சப்படுத்தச் சாதாரண ரம்பத்தைப் பயன்படுத்துவது வீண் சிக்கனம். டிரில்லை மெதுவான வேகத்தில், செங்குத்தாகப் பிடித்து, தகடு வழிவிடும் தருணத்தில் அழுத்தத்தைக் குறையுங்கள். துளையைச் சுற்றி விழுந்த உலோகத் துகள்களைத் துடைப்பத்தால் பெருக்காமல் தூசி உறிஞ்சியால் எடுத்துவிட வேண்டும். பெயின்டின் மேல் கிடந்து மழையில் நனைந்த இரும்புத் துகள் ஓரிரு நாளில் பழுப்புப் புள்ளியாகப் பதிந்துவிடும்.

துளையின் விளிம்பில் நிற்கும் கூர்களைச் சிறு அரத்தால் நீக்குங்கள். பிறகு முக்கியமான கட்டம்: அடித்தளத்தின் கீழ்ப்பகுதியிலுள்ள பற்கள் தகட்டின் அடிப்பக்கத்தைக் கடித்துப் பிடிக்க வேண்டும், அந்தக் கடிதான் கிரவுண்ட் இணைப்பு. ஆகவே துளையின் அடிப்பக்க விளிம்பில் மட்டும் ஏறக்குறைய ஒரு விரல் நுனி அகலத்துக்குப் பெயின்டைச் சுரண்டிப் பளபளக்கும் உலோகத்தை வெளிக்கொண்டு வாருங்கள். மேற்பக்கப் பெயின்டைத் தொடாதீர்கள். வெட்டிய விளிம்பில் மெல்லிய பெயின்ட் பூச்சு கொடுங்கள். அலுமினியக் கூரை என்றால், பித்தளையும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் அரிப்பு வரும் என்பதால், அலுமினிய மின்னிணைப்புகளுக்கென்று விற்கும் பசையைத் தொடும் இடத்தில் தடவுங்கள். கேபிளை விளக்கின் திறப்பு நோக்கி இறக்கி, அடித்தளத்தை நுழைத்து, மேல் வளையத்தை முடுக்குங்கள். ரப்பர் வளையம் சற்றே நசுங்கும் அளவு போதும். அதற்கு மேல் முடுக்கினால் மெல்லிய கூரைத் தகடு குழிந்து, அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும்.

இப்போதே மல்டிமீட்டரை எடுத்து, அடித்தளத்தின் வெளிவளையத்துக்கும் வண்டியின் சேஸிக்கும் இடையிலான தடையை அளந்து பாருங்கள். அது ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். நடு முள்ளுக்கும் வெளிவளையத்துக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது.

கேபிள்

கூரையிலிருந்து டாஷ்போர்டு வரை ஏறக்குறைய 5 மீட்டர் கேபிள் ஓடும். சாதாரண ஆர்.ஜி-58 கேபிளில் அந்தத் தூரத்துக்கு 2 மீட்டர் பேண்டில் ஏறக்குறைய 1 டெசிபலும், 70 சென்டிமீட்டரில் ஏறக்குறைய 2 டெசிபலும் இழப்பு ஏற்படும். 2 டெசிபல் என்றால் 50 வாட்டில் 18 வாட் வழியிலேயே போய்விடுகிறது. யு.எச்.எஃப்.பில் அதிகம் பேசுபவர் எல்.எம்.ஆர்-240 போன்ற இழப்புக் குறைந்த கேபிளுடன் வரும் அடித்தளத்தை வாங்குவது நல்லது.

முன் தூண் வழியாகக் கேபிளை இறக்கும்போது கவனம் தேவை. அந்தத் தூணின் உறைக்குள் திரை ஏர்பேக் இருக்கும் வண்டிகளில், கேபிள் ஏர்பேக்கின் முன்னால் குறுக்கே போகக் கூடாது. ஏர்பேக்குக்குப் பின்னால், தொழிற்சாலையில் போட்ட வயர்க் கட்டோடு சேர்த்துக் கட்ட வேண்டும். அதில் தயக்கம் இருந்தால் பின் தூண் வழியாக இறக்கி, கதவுப்படி உறையின் அடியில் முன்னே கொண்டு வாருங்கள். சற்று நீளும், ஆனால் உயிர் காக்கும் கருவியின் வழியில் குறுக்கிடாது. எந்த இடத்திலும் கேபிளைக் கூர்மையாக மடக்க வேண்டாம். கதவிடுக்கில் நசுங்கவும் விடாதீர்கள். ரேடியோவில் மாட்டும் பி.எல்-259 இணைப்பானைப் பற்றவைக்கும்போது பின்னல் முழுச்சுற்றிலும் ஈயம் பிடித்திருக்க வேண்டும். ஓடும் வண்டியின் அதிர்வில் அரைகுறைப் பற்றவைப்பு முதலில் விட்டுப்போகும் இடம் அதுதான்.

மின்சாரம்

50 வாட் வி.எச்.எஃப். ரேடியோ பேசும்போது 10 ஆம்பியருக்கு மேலும், 100 வாட் எச்.எஃப். ரேடியோ 20 ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். சிகரெட் லைட்டர் துளை இதற்கு ஆகாது. பேட்டரியின் நேர்முனையிலிருந்து நேரடியாகத் தனி வயர் இழுங்கள்: வி.எச்.எஃப்.க்கு 6 சதுர மில்லிமீட்டர், எச்.எஃப்.க்கு 10 சதுர மில்லிமீட்டர் தடிமன் போதும். ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தொலைவுக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸ் ரேடியோ அருகில் மட்டும் இருந்தால், இடையில் வயர் உராய்ந்து தகட்டைத் தொட்டதும் தீப்பற்றும். எதிர்முனை வயரைப் பேட்டரி முனையிலேயே மாட்டுவது பழைய வழக்கம். இன்றைய பிக்கப்புகளில் பேட்டரியின் எதிர்முனையில் மின்னோட்ட உணரி இருப்பதால், எதிர்முனைக் கேபிள் வண்டியின் உடலோடு சேரும் போல்டில் மாட்டுங்கள். அப்போதுதான் வண்டியின் கணினி பேட்டரி நிலையைச் சரியாகக் கணக்கிடும்.

2 மீட்டர் கம்பியை வெட்டி அளத்தல்

புதிய கம்பி தேவைக்கு மேல் நீளமாகவே வரும். வண்டியைத் திறந்தவெளியில், சுவர்களிலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் விலக்கி நிறுத்தி, கதவுகளையும் பானட்டையும் மூடிவிட்டு அளவெடுங்கள். நானோ வி.என்.ஏ. போன்ற மலிவான அளவுகருவி போதும். கருவியைப் பிடித்திருப்பவர் கம்பிக்கு அருகில் நின்றாலே அளவு மாறிவிடும் என்பதால், ரேடியோ முனையில், கேபினுக்குள் அமர்ந்து அளக்க வேண்டும்.

கால் அலைக் கம்பியில் 1 சென்டிமீட்டர் வெட்டினால் ஒத்ததிர்வு (கம்பி இயல்பாக இசைந்து வேலை செய்யும் அதிர்வெண்) ஏறக்குறைய 3 மெகாஹெர்ட்ஸ் மேலே ஏறும். 2 மீட்டர் பேண்டின் முழு அகலமே 4 மெகாஹெர்ட்ஸ் என்பதை நினைவில் வைத்து, ஒரு நேரத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் வெட்டாதீர்கள். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கம்பியைத் திரும்பப் பொருத்தி அளந்துவிட்டே அடுத்த வெட்டு. ஆன்டெனாவிலிருந்து ரேடியோவை நோக்கி எவ்வளவு ஆற்றல் திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண் எஸ்.டபிள்யூ.ஆர்.; 1 என்றால் எதுவும் திரும்பாது. அது 1.5 என்றால் திரும்பி வருவது 4 சதவீத ஆற்றல். 2 என்றால் 11 சதவீதம். 146 அருகில் 1.5-க்குக் கீழே வந்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். அதற்குக் கீழே இறக்கப் பாடுபடுவதில் எதிர்முனையில் கேட்பவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது. வெட்டிய முனையை அரத்தால் உருட்டிவிடுங்கள். கூரான கம்பி முனை கண்ணுயரத்தில் இருக்கும் மட்கார்டு ஆன்டெனாவில் இது இன்னும் முக்கியம்.

எச்.எஃப்.: இங்கேதான் வண்டியின் உடல் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது

40 மீட்டர் பேண்டின் கால் அலை ஏறக்குறைய 10 மீட்டர். வண்டியில் நிற்க வைக்கக்கூடியது 2.5 மீட்டர். குறைந்த நீளத்தைச் சுருள் கொண்டு ஈடுசெய்கிறோம். ஆனால் சுருள் ஒத்ததிர்வைத் திருத்துகிறதே தவிர, குட்டைக் கம்பியின் கதிர்வீச்சுத் தடையை (ஆற்றல் அலையாக வெளியேறுவதைக் குறிக்கும் தடையை) அது பெரிதாக உயர்த்துவதில்லை. 2.5 மீட்டர் கம்பிக்கு 40 மீட்டரில் அந்தத் தடை சில ஓம்கள் மட்டுமே. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கதிர்வீச்சுத் தடை 3 ஓம், சுருளின் இழப்பு 8 ஓம், வண்டி உடல் வழியாகவும் நிலத்தின் வழியாகவும் ஏற்படும் இழப்பு 10 ஓம் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 21 ஓம். நீங்கள் அனுப்பும் 100 வாட்டில் அலையாகப் போவது ஏறக்குறைய 14 வாட். இப்போது அதே ஆன்டெனாவை மோசமான அடித்தளத்தில் வைத்து, கிரவுண்ட் இழப்பு 10 ஓமிலிருந்து 35 ஓமாக ஏறியது என்று வையுங்கள். மொத்தம் 46 ஓம். அது ரேடியோ எதிர்பார்க்கும் 50 ஓமுக்கு மிக அருகில் இருப்பதால் மீட்டர் 1.1 என்று மிக அழகான எஸ்.டபிள்யூ.ஆர். காட்டும். அலையாகப் போவதோ 7 வாட்டுக்கும் குறைவு.

இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் எழுதிப் பார்த்தவர் அதன்பின் எச்.எஃப். மொபைல் ஆன்டெனாவை எஸ்.டபிள்யூ.ஆர். எண்ணால் எடைபோட மாட்டார். தடையை 50 ஓமுக்கு இசைவிக்கும் சுருள் எதுவும் இல்லாமல் 40 மீட்டரில் 1-ஐ ஒட்டி மீட்டர் காட்டினால், அது கிரவுண்ட் இழப்பைத் தேடத் தொடங்க வேண்டிய அறிகுறி. நன்றாகப் பொருத்திய ஆன்டெனா ஒத்ததிர்வில் 25 ஓம் அளவில், அதாவது எஸ்.டபிள்யூ.ஆர். 2 அருகில் நிற்கும். அதை 50 ஓமாக உயர்த்த ஆன்டெனாவின் அடியிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு சிறு சுருளை இணைத்தால் போதும். 40 மீட்டருக்கு ஏறக்குறைய 1 மைக்ரோஹென்றி வேண்டும்: தடித்த செம்புக் கம்பியை 1 அங்குல விட்டத்தில் 9 சுற்று சுற்றி, சுற்றுகளை இழுத்தும் நெருக்கியும் திருத்திக்கொள்ளலாம். ஆன்டெனாவின் ஒத்ததிர்வை விரும்பும் அதிர்வெண்ணுக்குச் சற்றே மேலே வைத்துவிட்டுச் சுருளைத் திருத்தினால் 1.2-க்குள் வந்துவிடும்.

எந்த ஆன்டெனா? ஒற்றை பேண்டுக்கான, கண்ணாடியிழைக் குச்சியில் கம்பி சுற்றிய ஆன்டெனா மலிவானது. தொடங்குபவருக்கும் ஒரே பேண்டில் பேசுபவருக்கும் போதுமானது. 20 மீட்டரில் அது நன்றாகவே பேசும். பேண்டுகள் மாற்றி மாற்றிப் பேசுபவருக்கு ஸ்க்ரூடிரைவர் வகை உகந்தது. டான் ஜான்சன் என்ற அமெரிக்க ஹாம் பேட்டரியில் ஓடும் திருப்புளியின் மோட்டாரைக் கொண்டு சுருளை மேலும் கீழும் நகர்த்திக் காட்டியதிலிருந்து அந்தப் பெயர் வந்தது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பொத்தானை அழுத்தியே ஒத்ததிர்வை நகர்த்தலாம். இந்த வகையில் சுருளின் விட்டமும் தரமும் பெரிதாக இருப்பவை இழப்புக் குறைந்தவை. இரு மாடல்களுக்கு இடையே தயங்கினால், இடம் அனுமதிக்கும்வரை பெரிய சுருளும் நீண்ட மேற்கம்பியும் கொண்டதை எடுங்கள்.

பொருத்தும் இடத்தைப் பொறுத்தவரை, பிக்கப்பில் பின்புற இழுவைக் கொக்கியின் பெட்டிச் சட்டத்தில் மாட்டுவது மிக எளிது என்பதால் பலர் அங்கேயே மாட்டுகிறார்கள். நான் அதை ஆதரிக்கவில்லை. அங்கே ஆன்டெனாவின் கீழ்ப்பாதி பின்கதவுத் தகட்டை ஒட்டியே நிற்பதால், வெளியே வீச வேண்டிய ஆற்றலின் பெரும்பகுதி தகட்டுக்கும் ஆன்டெனாவுக்கும் இடையே சுழன்று வீணாகிறது. சுருள் எப்போதும் வண்டியின் உலோகத்துக்கு மேலே தெரிய வேண்டும். சரக்குப் பெட்டியின் பக்கச் சுவர் மேல் விளிம்பில் தொழிற்சாலையிலேயே விட்டிருக்கும் சதுரக் குழிகளில் பொருந்தும் அடித்தளங்கள் கிடைக்கின்றன. அவையோ, சரக்குப் பெட்டியின் முன்மூலையில் போல்ட் போட்ட கனமான எஃகுத் தட்டோ நல்ல இடம். பெரிய எச்.எஃப். ஆன்டெனா காற்றில் தரும் இழுப்பு கணிசமானது. மெல்லிய தகட்டில் மாட்டும்போது அடியில் பலகைத் தட்டு வைத்து விசையைப் பரப்புங்கள்.

அடுத்தது உலோக இணைப்பு. பிக்கப்பின் கேபின் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருக்கிறது. சரக்குப் பெட்டி தனியாகச் சேஸியில் போல்ட் போடப்பட்டிருந்தாலும் இடையில் பெயின்ட் இருக்கிறது. பின்கதவு கீல்களில் மட்டும் தொங்குகிறது. மல்டிமீட்டருக்கு இவை எல்லாம் ஒன்றாகத் தெரிந்தாலும், உயரதிர்வெண் மின்னோட்டத்துக்கு இவை தனித்தனித் தீவுகள். தட்டையான செம்புப் பட்டையையோ அகலமான பின்னல் பட்டையையோ கொண்டு, சரக்குப் பெட்டியைச் சேஸியோடு குறைந்தது இரண்டு மூலைகளிலும், கேபினைச் சேஸியோடும், கேபினைச் சரக்குப் பெட்டியோடும் இணையுங்கள். பட்டைகள் இயன்ற அளவு குட்டையாக இருக்க வேண்டும். நீண்ட உருண்டை வயர் எச்.எஃப்.பில் இணைப்பாகச் செயல்படாது. பானட்டை இரு கீல்களிலும், புகைக்குழாயைப் பின்முனையில் ஓரிடத்திலும் இணைப்பது இரைச்சலையும் குறைக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் பெயின்டைச் சுரண்டி, நட்சத்திர வாஷர் வைத்து முடுக்கி, அதன் மேல் அரிப்புத் தடுப்புப் பசையோ பெயின்டோ பூசுங்கள். பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவும் மாநிலங்களில் இந்தக் கடைசிப் பூச்சைத் தவிர்த்தால் ஒரு குளிர்காலத்துக்கு மேல் இணைப்பு தாங்காது.

இரைச்சல்

எல்லாம் முடிந்து எஞ்சினை இயக்கியதும் எச்.எஃப்.பில் இரைச்சல் எழுந்தால், அதன் தன்மையைக் கவனியுங்கள். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் சீழ்க்கை ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. படபடவென்ற துடிப்பு இக்னிஷனும் இன்ஜெக்டர்களும் தருவது. சாவியைத் திருப்பிய சில நொடிகள் மட்டும் கேட்டு அடங்கும் முனகல் எரிபொருள் பம்ப். ஆன்டெனாவைக் கழற்றினால் இரைச்சல் நின்றுவிடுகிறதா என்று முதலில் பாருங்கள். நின்றால் அது ஆன்டெனா வழியே வருகிறது, மின்வயர் வழியே அல்ல. 31 என்ற கலவை எண் கொண்ட ஃபெரைட் வளையங்களில் கேபிளைப் பல சுற்று சுற்றி ஆன்டெனா முனைக்கு அருகில் வைத்தால், பின்னலின் வெளிப்பக்கம் ஓடும் மின்னோட்டம் அடங்கும். ஸ்க்ரூடிரைவர் ஆன்டெனாவின் மோட்டார் வயருக்கும் இதே சிகிச்சை தேவை. அதை மறந்தால் உங்கள் ஆற்றல் அந்த வயர் வழியாகவே கேபினுக்குள் வந்துசேரும்.

பாதுகாப்பும் பராமரிப்பும்

அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் விதிப்படி, ஆன்டெனாவைச் சுற்றியுள்ளவர்கள் மீது படும் அலையின் அளவை உரிமம் பெற்றவரே மதிப்பிட வேண்டும். 30 முதல் 300 மெகாஹெர்ட்ஸ் வரை பொதுமக்களுக்கான வரம்பு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மில்லிவாட். 2021-இல் நடைமுறைக்கு வந்த மாற்றங்களுக்குப் பிறகு மொபைல் நிலையங்களுக்கும் இந்த மதிப்பீடு பொருந்தும். கூரை நடுவில் உள்ள ஆன்டெனாவுக்கு இதை நிறைவேற்றுவது எளிது. மட்கார்டில் உள்ளதற்குக் கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்திருப்பவரின் தூரத்தைக் கணக்கிட வேண்டும். வண்டியின் அருகில் யாராவது நிற்கும்போது முழுத் திறனில் பேச வேண்டாம். ஓட்டும்போது கையில் கருவி பிடிப்பதைத் தடுக்கும் சட்டங்களில் சில மாநிலங்கள் ஹாம்களுக்கு விலக்கு அளிக்கின்றன, சில அளிப்பதில்லை. உங்கள் மாநிலச் சட்டத்தைப் படித்துக்கொள்ளுங்கள்.

2 மீட்டருக்கு மேல் நீண்ட எச்.எஃப். கம்பியை நைலான் கயிற்றால் பின்னோக்கி ஒரு புள்ளியில் கட்டிவையுங்கள். வேகத்தில் கம்பி பின்னே சாய்ந்தால் ஒத்ததிர்வு நகரும், அடித்தளமும் தளரும். பொருத்திய பின் ஒரு வாரம் ஓட்டிவிட்டு எல்லா போல்ட்களையும் ஒருமுறை முடுக்கிப் பாருங்கள். அதிர்வில் தளர்பவை அந்த வாரத்திலேயே தளர்ந்துவிடும். தொடக்கத்தில் எடுத்த எஸ்.டபிள்யூ.ஆர். அளவுகளையும் ஒத்ததிர்வில் கிடைத்த ஓம் அளவையும் தேதியோடு எழுதி வண்டியின் ஆவணப்பெட்டியில் வைத்திருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை என்.எம்.ஓ. ஆன்டெனாவைக் கழற்றி, நடு முள்ளில் பச்சை படிந்திருக்கிறதா, ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று பார்த்துத் துடைத்து, அதே அளவுகளை மீண்டும் எடுங்கள். எச்.எஃப்.பில் ஓம் அளவு முந்தைய ஆண்டைவிட ஏறியிருந்தால், ஏதோ ஒரு பட்டையின் இணைப்பில் துரு புகுந்திருக்கிறது என்று கொண்டு, சரக்குப் பெட்டியின் மூலைகளிலிருந்து தேடத் தொடங்குங்கள்.